நாற்பத்தொன்றாம் எண் மரம்

போன வாரம் அணிலை மண்ணில் மண்டியிட்ட நிலையில் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். கையில் துருப்பிடிக்காத ஓர் அலுமினியத் தகடு, அதில் 41 என்று ஓர் எண். ஒரு வாரம் முழுக்க ஒரு பெண்ணை ஈர மண்ணில் உட்கார வைத்ததற்காக என்னைத் திட்டி வந்த கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன். எழுந்திருக்கட்டும், பாவம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் நாலைந்து பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

காட்டுக்குள் ஒரு சிற்பப் பூங்கா. அங்கே மரங்களைப் பார்த்துக்கொள்வது அணிலின் வேலை. கயிறு போட்டு எந்த உயரத்துக்கும் ஏறிவிடுவாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். மூன்று கிலோமீட்டர் நடைபாதை நெடுக அறுபது சிற்பங்கள். எங்கேயும் போய்ச் சேராத கல் படிக்கட்டு உண்டு. காற்றடித்தால் முனகும் குழாய்கள் உண்டு. பறவைகள் மோதி மோதி, கடைசியில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டி வந்த கண்ணாடிச் சுவரும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பேர் வாங்கியது ‘தொடாமல்’ என்ற இரும்பு வளையம். ஓர் இளமரத்தைச் சுற்றி, மூன்று கால்களின் மேல், இடுப்புயரத்தில் நிற்கிறது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு ஜாண் இடைவெளி. அந்த இடைவெளிதான் சிற்பமே என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. செய்தவள் அணிலின் அம்மா. மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர், பூங்காவின் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா.

இதெல்லாம் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். இன்றைக்கு அந்த ஒரு ஜாணைத் தேடினாலும் கிடைக்காது. மரம் பருத்து, இரும்பைத் தொட்டு, பாதி வளையத்தை விழுங்கியும்விட்டது. இறுக்கம் தாங்காமல் உச்சிக்கிளைகள் காய ஆரம்பித்திருக்கின்றன. வளையத்தை அறுத்தால் மரம் பிழைக்கும். அறுக்க வேண்டுமென்றால் செய்தவள் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் காட்டில் இரண்டு ஜாதி மரங்கள், இளசாக இருக்கும்போது அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஆமை வேகத்தில் வளர்வது, மற்றது கண்மண் தெரியாமல் வளர்வது. அப்பா முதலாவதைச் ‘சோம்பேறி’ என்பார், இரண்டாவதை ‘அவசரக்காரன்’ என்பார். இலையின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். அது அவர் விரலுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வளையத்துக்கு ஒரு சோம்பேறியைத்தான் அடையாளம் காட்டியதாக அவர் நினைத்திருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் மரம் இரும்பைத் தொட்டபோது பூங்கா அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அப்பா எழுந்து நின்றார். “தப்பு என்னோடதுதான். என் கண்ணு ஏமாந்துடுச்சு” என்றார். மறுநாளே வேலையை விட்டார். இப்போது ஒரு ஹார்டுவேர் கடைக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறார்.

அணில் கயிறு கட்டப்போகும் மரத்தின் அடியைத் தோண்டிப் பார்க்காமல் கயிறு கட்டமாட்டாள். வேர் அழுகியிருந்தால் ஆளோடு சேர்ந்து மரமும் வரும். வளையத்து மரத்தில் வேலை செய்வதற்காக, நாலடி தள்ளி நின்ற ஒரு மரத்தில் அடிக்கயிறு கட்ட நினைத்து, அதன் அடிமண்ணைத் தோண்டினாள். ஒரு முழ ஆழத்தில் கிடைத்தது அந்தத் தகடு. அப்பாவின் ஆணி, அப்பாவின் கையெழுத்து. பூங்காப் பதிவேட்டில் வளையத்து மரத்தின் எண்ணும் 41தான்.

தகடு இருந்தது வளையத்து மரத்தில் இல்லை. பக்கத்து மரத்தில்.

* * *

வளையத்தை அறுப்பதாக இருந்த அன்று காலை பத்து மணிக்கு அப்பாவின் பழைய வேன் பூங்கா வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். இரும்பை வளைத்து வளைத்து அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன.

“உள்ள வாங்களேன்பா. ஒரு டீயாவது குடிச்சுட்டுப் போலாம்” என்றாள் அணில்.

“வேண்டாம்மா. பேப்பர் இருக்கு, படிச்சுக்கிட்டிருக்கேன். நீங்க முடிச்சுட்டு வாங்க.”

ஒன்பது வருஷமாக அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. மகளுக்கு இங்கேயே வேலை கிடைத்த அன்றுகூட வேனிலிருந்தே கையசைத்துவிட்டுப் போனவர்.

அணிலுக்கு ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் தகடு கனத்ததாலோ என்னவோ. “அப்பா, இந்த கேட் ஓரத்துல நிக்குதே, இது என்ன மரம்?”

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏதோ மரம். நீதானே படிச்சவ, உனக்குத் தெரியாதா?”

காட்டில் ஒவ்வொரு மரத்தையும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்ட மனுஷன். வேலையை விட்ட நாளிலிருந்து வீட்டுப் பால்கனியில் இருக்கும் தொட்டிச்செடிக்குக்கூட அவர் வாயில் பெயர் கிடையாது. கேட்டால் ‘செடி’ என்பார். இது எல்லாருக்கும் பழகிப் போய்விட்டது. ஒரு வீட்டில் எதற்கு வேண்டுமானாலும் பழகிவிடுகிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

அம்மா அந்தப் பதிலைக் காதில் வாங்காதவள்போலக் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

* * *

நடைபாதையில் இருவரும் அதிகம் பேசவில்லை. அம்மா மற்ற சிற்பங்களைத் தொழில்காரியின் கண்ணோடு பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இந்தக் குழாயை எவன் வெல்டு பண்ணினான்? கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணியிருக்கான்.”

“அம்மா, அவருக்குப் பெரிய விருதெல்லாம் குடுத்திருக்காங்க.”

“விருது குடுத்தவனும் கண்ணை மூடிக்கிட்டிருந்திருப்பான்.”

திருப்பம் தாண்டியதும் வளையம் தெரிந்தது. அம்மா நின்றாள்.

இந்த நிலையைப் படங்களில் பார்த்திருக்கிறாள்தான். நேரில் வேறு மாதிரி இருந்தது. கிழக்குப் பக்கத்தில் இரும்பே தெரியவில்லை, பட்டை அதன்மேல் புரண்டு மூடியிருந்தது. மேற்கில் மட்டும் துரு நிறத்தில் வளையம் வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் போகும்வரை தாயும் மகளும் காத்திருந்தார்கள்.

அப்புறம் அணில் பாக்கெட்டிலிருந்து தகட்டை எடுத்து நீட்டினாள்.

அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. “எங்க கிடைச்சுது?”

அணில் விரலால் காட்டினாள். நாலடி தள்ளி, நிழலுக்குள், தொடைப் பருமனில் ஒரு மரம் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் அது அவசரமே படவில்லை. வளையம் அதைச் சுற்றி இருந்திருந்தால் இன்றைக்கும் கையை நுழைத்து எடுக்கலாம்.

‘அதிலேயா!’ என்று அம்மா ஒரு வார்த்தை ஆச்சரியப்பட்டிருந்தால் அணில் அந்த நிமிஷமே எல்லாவற்றையும் மறந்திருப்பாள். அம்மா ஆச்சரியப்படவில்லை.

“உனக்குத் தெரியும்” என்றாள் அணில்.

“தெரியும்.”

கல் பெஞ்சு ஒன்று இருந்தது. அம்மா உட்கார்ந்தாள்.

“உங்கப்பா மரத்தைக் காட்டி, தகடு அடிச்சுட்டு, விதை சேகரிக்கக் கிளம்பிட்டார். நாற்பது நாள். வளையத்தைத் தூக்கிட்டு நான் இங்க வந்தா, அவர் காட்டின மரம் நிழல்ல நிக்குது. இது மேல வெளிச்சம் அப்படி விழுது. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சுடி. ஒரே ஜாதின்னு நினைச்சேன். நாலடிதானே, என்ன ஆயிடப்போகுதுன்னு மாத்தி வச்சுட்டேன்.”

“அப்பா வந்ததும் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நடைபாதைக்காக மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டாங்க, சுத்தியிருந்த சில மரத்தையும் வெட்டிட்டாங்க. இடமே அடையாளம் தெரியல. அவர் வந்தார், வளையத்தைப் பார்த்தார், என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார். ‘நான் காட்டின மரத்துக்கு இப்படி ஒரு மரியாதையா’ன்னு. அப்புறம் எப்படிச் சொல்றது?”

“அது சரி. கூட்டத்துல?”

அம்மா தகட்டு ஓரத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

“அஞ்சாவது வருஷமே புரிஞ்சுபோச்சு, மரம் வளர்ற வேகத்தைப் பார்த்து. கூட்டம் நடந்தப்போ எனக்கு இன்னொரு பெரிய வேலை பேசிக்கிட்டிருந்தாங்க. இடத்தை இஷ்டத்துக்கு மாத்துறவள்னு தெரிஞ்சா யாரு கூப்பிடுவா? அதுக்குள்ள அவரே எழுந்து நின்னுட்டார். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நல்லவேளைன்னு இருந்துச்சு.” அம்மா தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். “அந்த வேலையும் வரல.”

அணில் கோபக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் கேட்டது கோபத்தில் கேட்டதுதான்.

“ஒன்பது வருஷமா அவரோட ஒரே மேஜையில உக்காந்து சாப்பிட்டியே. உனக்குத் தொண்டையில இறங்குச்சா?”

“இறங்கல” என்றாள் அம்மா.

* * *

அலுவலகத்தில் இயக்குநர் மேடம் காத்திருந்தார். நீள மேஜை, சுவரில் குண்டூசி குத்திய வரைபடம், ஜன்னலுக்கு வெளியே கிரேன். கிரேன்காரருக்கு நாலு மணிக்கு வேறு இடத்தில் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன் கூட்டம் நடந்ததும் இதே அறையில்தான்.

மேடம் கெட்டவர் இல்லை. அழகாகப் பேசத் தெரிந்தவர், அவ்வளவுதான். “கடைசியா ஒரு தடவை யோசிங்க. இப்போ ஜனங்க இந்தச் சிற்பத்தை முன்னைவிட அதிகமா விரும்பறாங்க. மரம் காஞ்சாலும் அப்படியே நிக்கட்டுமே. அதுக்கும் ஒரு அர்த்தம் வரும்.”

“செத்துப்போன மரத்துக்கு என்ன அர்த்தம் வரும்? செத்துப்போச்சுன்னு வரும்” என்றாள் அம்மா. “ஃபாரத்தைக் குடுங்க.”

ஒரே பக்கம்தான். சிற்பத்தின் பெயர், செய்தவர், ஆண்டு, செய்யப்போகும் மாற்றம். கீழே ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அதை அலுவலகமே டைப் அடித்து வைத்திருந்தது: மரத் தேர்வில் நேர்ந்த பிழை.

ஐந்து வார்த்தைகூட இல்லை. ஆனால் பூங்கா இருக்கும் காலம்வரை பதிவேட்டில் இருக்கப்போவது அதுதான். நாளைக்கு வளையம் நின்ற இடத்தில் வைக்கும் பலகையிலும் அதுதான் வரும். கையெழுத்துப் போட்டால் மரம் பிழைக்கும், அப்பா நிரந்தரமாகப் பிழைசெய்தவர் ஆவார். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ரொம்ப வசதி.

அணில் கதவோரம் நின்றாள். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவள் சொன்னால் அது காட்டிக்கொடுத்தது ஆகும். அம்மாதான் சொல்ல வேண்டும்.

அம்மா பேனாவை எடுத்தாள்.

டைப் அடித்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். போதாது என்று தோன்றியதுபோல இன்னொரு கோடு. அதற்கு மேலே குண்டு குண்டாக எழுதினாள்: மரத்தேர்வு சரி. குறித்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரத்தில் வைத்தவள் நான்.

மேடம் எட்டிப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அப்போ உங்க வீட்டுக்காரர் அன்னைக்கு இங்க...”

“ஆமா. இதே மேஜைதான். நான் அந்த ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தேன்.” கையெழுத்துப் போட்டாள். “அவர் எழுந்து நின்னப்போ நான் உக்காந்தே இருந்தேன். அதையும் எழுதணும்னா சொல்லுங்க, எழுதறேன்.”

மேடம் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், கிரேன்காரருக்குக் கை காட்டினார்.

* * *

வேனுக்குப் போகும் வழியில் அம்மா நாலு தடவை நின்றாள். முழங்கால் வலி என்றாள். ஒரு தடவைதான் முழங்கால்.

“நானும் வரட்டுமா?”

“வேண்டாம். வாசல்லயே நில்லு. நான் பேச்சை மாத்தினா மட்டும் வா.”

அப்பா பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட் போடாமல், தகட்டை அவர் மடியில் வைத்தாள்.

அவர் அதை எடுத்தார். கட்டைவிரலால் எண்ணைத் தேய்த்தார். பின்பக்கம் திருப்பினார். பின்பக்கத்தில் ஆணியால் கீறிய இரட்டைக் கோடு. சோம்பேறி ஜாதிக்கு அவர் போடும் அடையாளம்.

“இது எங்க இருந்துச்சு?”

“நீங்க அடிச்ச இடத்துலதான். அதே மரத்துல. நான்தான் வளையத்தைப் பக்கத்து மரத்துல வச்சேன். வெளிச்சம் நல்லா இருக்குன்னு. உங்க கண்ணு ஏமாறவே இல்ல.”

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கூட்டத்துல நான் எழுந்து நின்னேனே. அப்போ உனக்குத் தெரியுமா?”

பொய் சொல்ல நல்ல இடம். அதைச் சொல்லியிருந்தால் பாதி வலி குறைந்திருக்கும், இருவருக்குமே. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“தெரியும்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அம்மாவுக்கு இருந்தது. பேப்பரை மடித்தார், பேனாவை மூடினார், சாவியை எடுக்காமலேயே இறங்கினார். வாசலில் நின்ற மகளைத் தாண்டி நடந்தார். கேட் ஓரத்து மரத்தடியில் நின்று, கைக்கெட்டிய ஓர் இலையை மடக்கி, அடிப்புறத்தை விரலால் தடவினார்.

“அவசரக்காரன்” என்றார்.

பக்கத்து மரத்தின் இலையைப் பிடித்தார். “சோம்பேறி.” அதற்கடுத்ததைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை, தட்டிக்கொடுத்தார். “நீயும் சோம்பேறிதான்.” அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார், வருஷக்கணக்காகப் பார்க்காத சொந்தக்காரர்களை விசாரிக்கிற மாதிரி. அணிலுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை.

* * *

வளையத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்கியிருந்தார்கள். அறுப்பவர் கிரைண்டரைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோனார்.

“அங்க கை வைக்காதப்பா” என்றது ஒரு குரல்.

“யாருங்க நீங்க?”

“இந்த மரத்தைக் காட்டாதவன்” என்றார் அப்பா. அறுப்பவருக்கு அது புரியவில்லை. அணிலுக்குப் புரிந்தது. சிரிப்பும் வந்தது.

“அந்தப் பக்கம் பட்டை மூடின இரும்பைத் தொடாதீங்க. உள்ளயே இருந்துட்டுப் போகட்டும், மரம் அதைத் தன்னோடதாக்கிக்கிச்சு. வெளிய தெரியுற பக்கத்தை மட்டும் அறுங்க. முதல்ல சங்கிலி போட்டு இழுத்துக் கட்டுங்க. இத்தனை வருஷ இறுக்கம், அறுத்ததும் துள்ளும்.”

அறுப்பவர் மகளைப் பார்த்தார். அணில் தலையாட்டினாள். சங்கிலி வந்தது. மேற்குப் பக்கத்தில் கிரைண்டரை வைத்தார். இரண்டு விரல்கடை போனதும் அறுக்கும் சக்கரம் சிக்கி, பொறி பறந்து, நின்றுவிட்டது.

“உள்ள என்னமோ இருக்குங்க. வெறும் குழாய் இல்ல இது.”

“மூட்டுக்கு உள்ள தடிமனா இரும்புத் தகடு வச்சிருக்கு” என்றார் அப்பா. “எத்தனை, எங்கெங்கன்னு எனக்குத் தெரியாது.” வளையத்தின் மேல் கையை வைத்தார். ஒன்பது வருஷம் கழித்துத் தொடுகிறார். மகளைத் திரும்பிப் பார்க்காமலேயே ஒரு வரி சொன்னார்.

அணில் ஓடினாள்.

வேன் கதவு திறந்தே இருந்தது. அம்மா அதே சீட்டில், அதே மாதிரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, வா. இரும்பு அறுபட மாட்டேங்குது. அப்பா உன்னைக் கூப்பிடறார்.”

அம்மா அவசரமாகக் காலைக் கீழே வைத்தாள். வைத்தவள் நின்றாள். முப்பத்தைந்து வருஷமாக அந்த மனுஷன் அவளை ‘இவளே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான்.

“என்னன்னு கூப்பிட்டார்?”

அணிலுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. அன்றைக்கு அந்தக் குடும்பத்தில் அதற்கு இடமில்லை.

“‘சிற்பியை வரச் சொல்லு’ன்னார்.”

அதில் ‘இவளே’ இல்லை. அம்மா கைப்பையைச் சீட்டிலேயே போட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சரி. சிற்பியாவே வரேன்” என்று நடக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை வழியில் எங்கேயும் நிற்கவில்லை.